தன் கைப்பட ஒரு லெட்டர்

பீரோவத் தொறந்தா சர்டிபிகேட் ஃபைல் காலி. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

அன்னைக்குக் காலையிலதான் கவுன்சிலிங் லிஸ்ட்ல என் பொண்ணு ஆஷ்லின் பேர் வந்திருந்துச்சு. பி.எஸ்சி. நர்சிங், நாலு வருஷம், யூனிவர்சிட்டி டிகிரி. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் சர்டிபிகேட்டோட போய்ச் சேரலன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும். இவ என்னடான்னா, "உப்பளம் கம்யூனிட்டி காலேஜ்ல குடுத்துட்டேம்மா"ன்னா. அங்க ஒரு வருஷ ஹெல்த் அசிஸ்டண்ட் படிப்பு. சேர்ந்துட்டா டி.சி., மார்க் ஷீட் எல்லாத்தையும் அவங்களே வாங்கி வச்சிக்குவாங்க. மூலக்குளத்துலேர்ந்து வண்டியில போற வழி பூரா பின்னால உக்காந்திருந்தவளத் திட்டித் தீத்தேன்.

ஆபீஸ்ல இராமதாஸ்னு ஒரு கிளார்க். "பிரின்சிபால் மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வாங்க"ன்னார். நாளைக்கு வந்து என்னத்த வாங்குறது? நான் போட்ட சத்தத்துல பிரின்சிபாலே எட்டிப் பாத்து, "லெட்டர் வாங்கிக்கிட்டு குடுத்துடுப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

இராமதாஸ் ஒரு வெள்ளத் தாள எடுத்து வச்சார். நான் பேனாவ எடுத்தேன்.

"நீங்க இல்லம்மா. சொந்த விருப்பத்துல விலகுறேன்னு பொண்ணு தன் கைப்பட எழுதணும். போன வருஷம் ஒருத்தர் எழுதிக் குடுத்து வாங்கிட்டுப் போயிட்டார், மறுநாள் அவர் பையன் இங்க வந்து நின்னு அழுறான். பெத்தவங்க எழுதினா செல்லாது."

ஆஷ்லின் பேனாவத் தொடல.

"எழுதுடி."

"எனக்கு இதுவே போதும்மா. ஒரு வருஷத்துல வேலைக்குப் போயிடுவேன். அப்பா செத்ததுலேர்ந்து ரெண்டு ஷிப்டு பாக்குற. இன்னும் நாலு வருஷம் தாங்குவியா நீ? லிஸ்ட்ல பேர் வரக் கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. மணி நாலு தாண்டி அஞ்சு நிமிஷம். அதட்டினா எழுதிடுவா, எங்க வீட்ல எல்லாம் அப்படித்தான் நடக்கும். ஆனா அந்தப் பையன் கத கேட்டப்புறம் அதட்ட மனசு வரல. யார்கிட்டயும் சொல்லாதத அங்க நின்னுக்கிட்டே சொன்னேன்.

"நான் படிச்சதும் இதே ஒரு வருஷப் படிப்புதான்டி. பதினெட்டு வருஷமா ஆஸ்பத்திரியில என் பேர் வெரோனிகா இல்ல, ஆயாம்மா. போன மாசம் ஒருத்தருக்கு பெட்ஷீட் மாத்தும்போது அவர் சம்சாரம் சொன்னாங்க, இப்ப எழுதியிருக்குற ஊசியப் போட்டு முன்னாடி ஒருதடவ இவருக்கு மூச்சே நிக்கப் பாத்துச்சுன்னு. ஊசிய எடுத்துட்டு வந்த நர்ஸ்கிட்ட சொன்னேன். 'உங்க வேலையப் பாருங்க ஆயாம்மா'ன்னா. நான் பக்கெட்டத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அதையே போட்டாங்க. அரை மணி நேரத்துல செத்துப் போயிட்டார்."

"எங்கிட்ட அந்தக் கத்து கத்துறியே. அங்க கத்தலையாம்மா?"

"இல்லடி. ரெண்டாவது தடவ சொல்ல நான் யாருன்னு தோணிப் போச்சு. டிகிரி படிச்சவ சொல்லியிருந்தா அந்த ஊசி நின்னிருக்கும். இப்ப நெனச்சாலும் சோறு எறங்கல."

"அவர் சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"நான் சொல்லி மருந்த மாத்திட்டாங்க, நோவுலதான் போயிட்டார்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. எனக்கு நன்றி வேற சொன்னாங்க."

ஆஷ்லின் தாள இழுத்து எழுத ஆரம்பிச்சா. நாலே நாலு வரி. அதுக்குள்ள எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு.

சர்டிபிகேட்ட வாங்கிக்கிட்டு கெளம்பினோம், வண்டிய அவளே ஓட்டினா. அஞ்சு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது நர்சிங் காலேஜ் கவுண்டர்ல ஃபைல நீட்டினோம். ஒவ்வொரு தாளாத் திருப்பிப் பாத்துட்டு அட்மிஷன் போட்டாங்க.

வெளிய வந்து ஒரு டீ குடிக்கலாம்னேன். அவ வேணாம்னுட்டா.

"செத்துப் போன அந்தப் பேஷண்டோட சம்சாரம் வீடு எங்கம்மா?"

"பிள்ளைச்சாவடி. எதுக்குடி?"

"அவங்களுக்கு உண்மை தெரியணும்மா. நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

வேணாம்னு சொல்லத்தான் நெனச்சேன். அவ பின்னால ஏறி உக்காந்தேன்.