தாழ்ப்பாள் இல்லாத அறை

‘கீ…ங்ங்ங்!’

மைக்கிலிருந்து கிளம்பிய அலறலில் மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. மைக் செட் ஆரோக்கியராஜ் ஓடிவந்து ஏதோ ஒரு திருகைத் திருப்ப, சத்தம் நின்றது. வாசல் மேஜையில் பெயர் பதிந்துகொண்டிருந்த சத்யப்பிரியா மட்டும், துள்ளியதில் தவறவிட்ட பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். திடீர்ச் சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாமல் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

“இதுக்கே பயந்துட்டா வாழ்க்கைய எப்படிங்க ஜெயிக்கப் போறீங்க?” என்று மேடையிலிருந்து சிரித்தார் ஜெயப்பிரகாஷ். கூட்டமும் சிரித்தது.

ஜெயப்பிரகாஷ் அவளுடைய கணவர். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து, தன்னம்பிக்கைப் பயிற்சியாளராக மாறியவர். ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் ஞாயிறு அன்று மஞ்சக்குப்பத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் ‘புது வருஷம், புது இலக்கு’ என்று நாள் முழுக்க நிகழ்ச்சி நடத்துவார். கடலூர் முழுக்க அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள்.

வாசலில் பெரிய பேனர். அதில் கோட்டு போட்ட ஜெயப்பிரகாஷ். அவருக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் மகன் தமிழ்மணி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன். கீழே ‘மருத்துவ மாணவர்’ என்று போட்டிருந்தது. அந்த ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிவிட்டது பேனர் அடித்த கடையின் கம்ப்யூட்டர். சத்யப்பிரியா காலையிலிருந்து பேனருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

“நெல்லிக்குப்பத்துலேர்ந்து வர்றோம்க்கா. பஸ்ஸுல நிக்கக்கூட எடமில்ல, லேட்டாயிடுச்சு.” மூச்சிரைக்க வந்து நின்றாள் ஒரு பெண். பின்னால் ஒல்லியாக ஒரு பையன். “எம் பேரு ஷமீனா. இது எம் புள்ள ஷாகிர். ப்ளஸ் டூ படிக்கிறான்.”

சத்யப்பிரியா பெயரைக் குறித்துக்கொண்டாள்.

“பேனர்ல இருக்கறது உங்க புள்ளதானக்கா? சிதம்பரத்துல டாக்டருக்குப் படிக்கிறாராமே! சார் பேசற வீடியோவ தினம் இவனுக்குப் போட்டுக் காட்டறேன். இவன் என்னா சொல்றான் தெரியுமா? பி.காம் படிச்சுட்டு அவங்க பெரியத்தா கடையில உக்காரப் போறானாம்.”

“ம்மா, விடும்மா” என்றான் ஷாகிர்.

“கடையில உக்காந்து ஈ ஓட்டப்போறியா? சாப்புடற தட்டுல உக்கார்ற ஈயவே நீ ஓட்ட மாட்ட!”

பையன் சிரிக்கவில்லை. கட்டைவிரலை வாயில் வைத்தான். தாய் முறைத்ததும் எடுத்தான். சத்யப்பிரியா அந்த விரலைப் பார்த்தாள். நகம் பாதிக்கு மேல் இல்லை. ஓரங்களில் ரத்தம் கட்டியிருந்தது. போன வருடம் இதே நாள் காலையில் தமிழ்மணியின் விரல்களும் இப்படித்தான் இருந்தன. அன்றைக்கு அவள், “வேப்பெண்ணெய் தடவிக்க, கசந்தா விட்டுடுவ” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமைதான் ஜெயப்பிரகாஷ் பேச்சை எடுத்தார்.

“சண்டே மேடையிலேர்ந்து மணியக் கூப்புடுவேன். ரெண்டே நிமிஷம் பேசச் சொல்லு. ‘காலேஜ் நல்லாப் போவுதுப்பா’ன்னு சொன்னா போதும்.”

அது அவருடைய நிகழ்ச்சியின் உச்சம். வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் போனை எடுத்து, வீட்டில் முக்கியமான ஒருவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, தங்கள் குறிக்கோளை உரக்கச் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்லாதது குறிக்கோளே இல்லை என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு அவரும் மேடையிலிருந்து மகனைக் கூப்பிடுவார். போன வருடம் தமிழ்மணி கோச்சிங் சென்டரிலிருந்து, “இந்த வருஷம் மெடிக்கல் சீட்டு வாங்கிடுவேன்ப்பா” என்று சொன்னபோது கைத்தட்டல் அடங்கவே இல்லை.

“அவன் காலேஜ்ல இல்லையேங்க” என்றாள் சத்யப்பிரியா.

“அடுத்த வருஷம் சேந்துடுவான் சத்யா. ஒரு வருஷம் முன்னாடியே சொல்றோம், அவ்ளோதான். அதுக்குப் பேரு பொய்யா?”

“அவன் பேச மாட்டான்.”

“நீ சொன்னா பேசுவான். எங்கிட்டதான…” அவர் முடிக்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அது தமிழ்மணியின் ஹெல்மெட். தன்னுடையது உடைந்துபோய்விட்டது என்று சொல்லி மாதக்கணக்கில் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார். அவருடையது உடையவில்லை. பீரோவுக்கு மேல் இருக்கிறது. அவளும் கேட்டதில்லை.

மகனின் அறைக்குள் மட்டும் அவர் காலடி வைப்பதே இல்லை. அந்த அறைக் கதவில் உள்தாழ்ப்பாள் கிடையாது. ஆணி பிடுங்கிய நான்கு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை சத்யப்பிரியா சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். மேலவீதிக்குப் பின்பக்கத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் சுப்பிரமணியன் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். மார்ச்சிலிருந்து தமிழ்மணிக்கு அங்கேதான் வேலை. பட்டறைக்கு மேலேயே ஓர் அறையில் ஜாகை.

ஒரு புல்லட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் அவள் செருப்பைப் பார்த்ததும் வெளியே வந்தான்.

“என்னம்மா, மாசக் கடைசியிலதான வருவ? அப்பா கூட்டம் போடறாரா?”

“நீ எப்படி இருக்கேன்னு பாக்க வந்தேன்டா.”

“அதான் காலையில போன்ல சொன்னேனே.”

சொல்லியிருந்தான். தினமும் காலையில் அவள் கூப்பிடுவாள். அவன் எடுத்து, “இருக்கேன்மா” என்பான். அந்த ஒரு வார்த்தைதான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் பால் காய்ச்சுவாள்.

மேலே அறைக்கு அழைத்துப் போனான். பாய், ஒரு கயிற்றுக்கொடி, நாலு சட்டை, ஒரு பழைய மின்விசிறி. சத்யப்பிரியாவின் கண் முதலில் போனது கதவுக்கு. உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் கனமாக இருந்தது. கிட்டப் போய் அதை அசைத்துப் பார்த்தாள்.

அவன் கவனித்துவிட்டான். “போடறதில்லம்மா. மாமா பத்து தடவ வந்து எட்டிப் பாக்கறாரு, எங்கேர்ந்து போடறது? தூங்கறப்பகூட மூஞ்சில டார்ச் அடிக்கறாரு.”

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். பத்து விரலிலும் நகம் வளர்ந்திருந்தது. நகக்கண் எல்லாம் கறுப்பு.

“கடிக்கறத விட்டுட்டியா?”

“இந்தக் கைய வாயில வெச்சா கிரீஸ் நாறுதும்மா. எப்படிக் கடிக்கறது?” என்றவன், சட்டென்று குரலை இறக்கினான். “அப்பா மேடையிலேர்ந்து கூப்புட்டாருன்னா பேசறேன்மா. உனக்காக. டாக்டருக்குப் படிக்கிறேன்னும் சொல்றேன். சொன்னா முடிஞ்சிடும்ல?”

சொல்லும்போதே அவன் கட்டைவிரல் உதட்டருகே போனது. கிரீஸையும் மறந்து.

அவள் சொல்லிவிட்டுப் போக வந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

“அப்பா கூப்பிட்டா எடுக்காத மணி. நான் பாத்துக்கறேன்.”

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று திரும்பும் பஸ்ஸில் புவனகிரி தாண்டியும் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜெயப்பிரகாஷ் கேட்டார்: “சொல்லிட்டியா?” அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் நேரம் வந்தது. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் போனில் கத்தினார்கள். “இந்த வருஷம் சொந்தமா கடை வைப்பேன்!” “பத்து கிலோ கொறைப்பேன்!” “என்னாது, கேக்கலையா? பத்து கிலோ! அரிசி இல்லடி, ஒடம்பு!” சிரிப்பும் இரைச்சலுமாக இருந்தது.

“சின்னப் பசங்க யாராவது மேடைக்கு வாங்க!” என்றார் ஜெயப்பிரகாஷ்.

ஷமீனா மகனைப் பிடித்துத் தள்ளினாள். ஷாகிர் மேடையேறி, குவைத்தில் இருக்கும் தகப்பனைக் கூப்பிட்டான். ஆரோக்கியராஜ் மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

“அத்தா… நான்… டாக்டராவணும்னு…”

“சத்தமா!” என்றார் ஜெயப்பிரகாஷ்.

“டாக்டராவேன் அத்தா.”

“மாஷா அல்லாஹ்!” என்று மண்டபம் அதிர வந்தது குவைத்துக் குரல். “இது போதும்டா எனக்கு! இங்க வெயில்ல நிக்கறதுக்கு இது போதும்டா!”

கைத்தட்டல் எழுந்தது. ஷமீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷாகிர் இறங்கித் தன் இடத்துக்குப் போகாமல், நேராக வாசல் மேஜைக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் கேனுக்கு வந்தான். டம்ளரில் பிடித்த தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

“தம்பி, உக்காரு” என்றாள் சத்யப்பிரியா.

“வேணாம் ஆன்ட்டி. வெளிய போய் நிக்கட்டுமா?”

“போலாம். ஒண்ணு கேக்கறேன். வீட்டுல உனக்குத் தனி ரூமா?”

“ஆமா ஆன்ட்டி. தங்கச்சி தொந்தரவு பண்றான்னு போன மாசம்தான் அம்மா ஆளக் கூப்புட்டு உள்பக்கம் புதுசாத் தாழ்ப்பா வெச்சுக் குடுத்தாங்க. படிக்கறதுக்கு.”

சத்யப்பிரியா எழுந்து நின்றுவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“இப்போ என் முறை!” மேடையில் ஜெயப்பிரகாஷின் குரல் உயர்ந்தது. “போன வருஷம் இதே மேடையில என் மகன் சொன்னதக் கேட்டீங்க. இந்த வருஷம் என்ன சொல்றான்னு கேப்போமா?”

“கேப்போம்!” என்றது கூட்டம்.

அவர் எண்ணை அழுத்தினார். மைக்கின் வழியாக மணியோசை மண்டபமெங்கும் கேட்டது. ட்ரிங்… ட்ரிங்… எடுக்காதே என்று சொன்னவளே அவள்தான். ஆனாலும் ஒவ்வொரு மணிக்கும் அவள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். எடுக்கப்படாத போன். திறக்கப்படாத கதவு. அவள் உடம்புக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. காலையில் கேட்ட “இருக்கேன்மா”வை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

மணியோசை நின்றது. ஜெயப்பிரகாஷ் மறுபடி அழுத்தினார். மறுபடியும் யாரும் எடுக்கவில்லை.

“கிளாஸ்ல இருப்பான்” என்றார்.

“சண்டேல கிளாஸா சார்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பலை ஒன்று எழுந்து பரவியது. ஜெயப்பிரகாஷின் முகத்தில் வியர்வை. போனைப் பிடித்த கை இறங்கவில்லை. மூன்றாவது முறையாக அழுத்தினார். இப்போது அவர் கூட்டத்துக்காக அழுத்தவில்லை என்பதைச் சத்யப்பிரியா பார்த்தாள். அவர் கண் மண்டபம் முழுக்க அவளைத் தேடியது. நல்லா இருக்கானா என்று கேட்டது. பத்து மாதமாகக் கேட்காத கேள்வி.

அவள், ‘இருக்கிறான்’ என்று தலையசைத்தாள்.

அவர் மூச்சை விட்டார். உடனே பழைய சிரிப்பை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஹாஸ்பிட்டல் டூட்டிங்க! அதனால என்ன? அவன் குறிக்கோள அவங்க அம்மாவே சொல்லுவாங்க. ஆரோக்கியம், மைக்க மேடத்துகிட்ட குடு.”

ஆரோக்கியராஜ் ஒயரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். முந்நூறு தலைகள் திரும்பின. மேடையிலிருந்து ஜெயப்பிரகாஷ் உதட்டசைவில் ஏதோ சொன்னார். ‘ரெண்டே வார்த்தை’ என்பதுபோல இருந்தது. ஒரு வார்த்தை போதும், எல்லாம் பழையபடி ஓடும். ‘நல்லாப் படிக்கிறான்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். சாயங்காலம் பேனரைக் கழற்றிச் சுருட்டிக் கொண்டுபோய் வீட்டில் வைக்கலாம். வீட்டில் அவரோடுதான் இருந்தாக வேண்டும்.

மைக் கைக்கு வந்தது. மறுபடியும் ‘கீ…ங்’ என்று அலறியது. இந்த முறை அவள் துள்ளவில்லை.

ஷாகிர் வாசல்படியில் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கட்டைவிரல் வாயில். நடுவரிசையில் ஷமீனா போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள், மகனுக்குத் தினமும் போட்டுக் காட்ட.

சத்யப்பிரியா ஷமீனாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“வீட்டுக்குப் போனதும் அந்தத் தாழ்ப்பாளக் கழட்டிடும்மா ஷமீனா, போன மார்ச்சுல கதவ ஒடச்சுத்தான் எம் புள்ளைய உசுரோட வெளிய எடுத்தோம், அதுலேர்ந்து அவன் உசுரோட இருக்கணும்ங்கறதத் தவிர எங்க வீட்டுல வேற குறிக்கோளே கெடையாது.”