ஆச்சுங்களா கருப்புசாமியின் பம்பாய்க் கடிகாரம்

அனுப்பர்பாளையம் கருப்புசாமி ஊரைவிட முப்பத்தொன்பது நிமிடம் பின்னால் வாழ்ந்தார். மனிதர் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், காலை ஐந்து மணிக்கே குளித்து முடித்துவிடுகிற ஆள். ஊரில் நாலு மணிக்கு மழை பெய்தால் அவர் மேல் நாலு முப்பத்தொன்பதுக்குப் பெய்யும், அவ்வளவுதான் விஷயம். பாத்திரப் பட்டறைகள் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்திய பிறகும் அவர் காதில் ஒன்று முப்பத்தொன்பது வரை பித்தளை தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் கம்பெனியே இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு வெளிச்சத்தில் இருப்பது போல டெலிவரி சலான் எழுதிக்கொண்டிருப்பார். கரண்ட் வந்து எல்லோரும் வேலையில் இறங்கியதும் இவர் எழுந்து மெழுகுவத்தி தேடுவார். பேச்சு மட்டும் அந்தந்த நேரத்துக்கே அவரை வந்து சேர்ந்துவிடும். அது ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை.

பேச்சு நேரத்துக்கு வந்ததால்தான் பிழைத்தார் என்று சொல்ல வேண்டும். நல்லூரில் இருபது மெஷினோடு தொடங்கிய கம்பெனி, குழந்தைகளுக்கான பனியன்களை ஐரோப்பாவுக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்ததற்கு ஒரே ஒரு கேள்விதான் காரணம். எதை ஆரம்பிப்பதற்கு முன்னாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து “ஆச்சுங்களா?” என்று கேட்டுவிடுவார். கன்டெய்னர் லாரி கிளம்பியாச்சுங்களா, டையிங்கிலிருந்து துணி வந்தாச்சுங்களா, பேங்க் மூடியாச்சுங்களா. தன் கண்ணை நம்பாமல் அடுத்தவர் வாயை நம்பித் தொழில் செய்த ஒரே எக்ஸ்போர்ட்டர் அவர்தான். திருப்பூரில் கல் எறிந்தால் நாலு கருப்புசாமி மேல் படும் என்பதால், இவருக்கு ஆச்சுங்களா கருப்புசாமி என்றே பெயர் நின்றுவிட்டது. மனைவி வேலாத்தாளுக்கு ஒரே ஒரு குறைதான். கல்யாணமாகி முப்பது வருடமாகியும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மழையில் நனைந்ததில்லை. அந்த அம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதுதான் இவர் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வருவார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே போயிருக்க வேண்டிய சங்கதி. 2001ஆம் வருடம் மூத்த மகள் சித்ரகலாவின் கல்யாணம் அதைக் கெடுத்தது. ஆறு பத்துக்குத் தாரை வார்க்க வேண்டும். கையை நீட்டுங்க என்றார்கள், நீட்டினார். ஆனால் அவர் கண்ணுக்கு மணையில் யாருமே இல்லை. கை எங்கேயோ நீண்டது, ஊற்றிய தண்ணீர் தரையில் போனது, நேரம் போகிறதென்று தம்பி குருசாமி முன்னால் வந்து தாரை வார்த்துக் கொடுத்தார். எல்லோரும் பந்திக்குப் போய்விட, வேலைக்காரர்கள் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, ஆறு நாற்பத்தொன்பதுக்குக் கருப்புசாமி காலி மேடை முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதபடி அட்சதை போட்டார். கையில் கடித்த அப்பளத்தோடு ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். சிரிக்க ஆரம்பித்த ஒன்றிரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்த மனுஷன் பட்ட பாட்டை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கடிகாரப் பைத்தியம் பிடித்தது. தன் கையில் சரியாக ஓடும் ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டே தானும் ஊர் நேரத்துக்கு ஏறி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கடையில் வாங்கியதெல்லாம் அவர் மணிக்கட்டில் வார் மாட்டிய நொடியே முப்பத்தொன்பது நிமிடம் பின்னால் போய் நின்றன. சாதாரணக் கடிகாரத்துக்குப் பலம் போதவில்லை, பழைய கடிகாரமாகவும் உசத்தியாகவும் இருந்தால் தாங்கும் என்று முடிவு செய்து ஏலத்துக்குப் போனார். மும்பையில் நட்சத்திர ஹோட்டலில் எண் எழுதிய அட்டையைத் தூக்கி ஒன்று, ஹாங்காங்கில் ஆள் வைத்து இரண்டு, லண்டனில் ஒன்று என்று ஐந்து வருடத்தில் பதினான்கு வாங்கினார். நிலாவின் தேய்பிறை வளர்பிறை காட்டுவது ஒன்று, லீப் வருடத்தைத் தானே தெரிந்துகொள்வது ஒன்று, நாலே நாலுதான் செய்தார்கள் என்று சொல்லப்பட்டது ஒன்று. கடிகாரம் சேகரிக்கிற பெரிய மனிதர்கள் அவரைத் தங்களில் ஒருவர் என்று நினைத்துக் கடிதம் போட்டார்கள். பதினான்கும் அவர் கையில் ஏறிய நொடியே பின்தங்கின.

2006 ஐப்பசியில் இளைய மகள் கவிப்பிரியாவுக்கு மூலனூரில் முருங்கைக்காய் மண்டி வைத்திருந்தவர் மகன் பிரதீப்போடு நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். அக்காவின் கல்யாணத்தில் அப்பா நின்ற நிலையைப் பதினேழு வயதில் பார்த்த பெண் அவள். நிச்சயத்தன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

“அப்பா, நீங்க நேரத்துக்கு இருந்து தாரை வார்த்தாத்தானுங்க நான் மணை ஏறுவேன். சித்தப்பா வார்த்தா எந்திரிச்சுப் போயிருவேன்.”

“கண்ணு, அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்றார் கருப்புசாமி.

அந்த வாரம் ஜெனீவாவிலிருந்து ஓர் ஏலப் புத்தகம் வந்தது. கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்பும் ஆஷா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அதைப் படித்துச் சொல்வது வழக்கம். நூற்றுப்பதினேழாவது உருப்படிக்கு வந்ததும் நிறுத்தினாள். “சார், இதக் கொஞ்சம் கேளுங்களேன்” என்றாள். 1948இல் பம்பாய் பஞ்சு வியாபாரி ஒருவருக்காகத் தனியாகச் செய்த தங்கக் கடிகாரம். அந்தக் காலத்தில் பம்பாய் நகரம் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருந்தது, ரயிலும் தந்தியும் இந்திய நேரத்தில் ஓடின. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வியாபாரி, பொன் முள் இந்திய நேரத்தையும் நீல முள் பம்பாய் நேரத்தையும் காட்டும்படி இரண்டு நிமிட முள் வைக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முப்பத்தொன்பது நிமிடம். கருப்புசாமி எழுந்து நின்றுவிட்டார்.

நாற்பதாயிரம் பிராங்குக்கு மேல் ஒரு பைசாகூடப் போகக் கூடாது என்று வேலாத்தாள் மஞ்சள் தூள் டப்பாவின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஏலத்தன்று அங்கே மத்தியானம், இங்கே விளக்கு வைக்கும் நேரம். ஏலம் எடுப்பவருக்காகத் தொலைபேசியில் பேச ஏலக் கம்பெனி தமிழ் தெரிந்த ஆளையே போட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கேயே குடியிருக்கும் பெண். “வணக்கம் ஐயா, ஜெனீவாவில இருந்து கதைக்கிறன்” என்றார். குரல் தேனாக இருந்தது. ஏலம் இருபதில் தொடங்கி, மடமடவென்று நாற்பதாயிரத்துக்கு வந்து நின்றது. அறையில் ஓர் இத்தாலிக்காரர் விடாமல் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, நாற்பதில நிக்குது. காணுமோ?” என்றார் அந்தப் பெண்.

யாழ்ப்பாணத்தில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். நம் பக்கத்தில் ஒன்றைக் காணும் என்றால் அது தொலைந்து போச்சு. வாங்கும் முன்னாலேயே கடிகாரம் தொலைந்துவிட்டது என்று கருப்புசாமி எடுத்துக்கொண்டார்.

“ஐயோ, இல்லீங்க! இல்லவே இல்லீங்க! அப்படிச் சொல்லாதீங்க!”

“ஓம் ஐயா, அப்ப கூட்டிறன்.”

ஆள் கூட்டித் தேடப் போகிறார்கள் என்று நினைத்து இவர் கொஞ்சம் மூச்சு விட்டார். ஐம்பதில் மறுபடியும் காணுமோ என்றது குரல். இல்லீங்க, நல்லாப் பாருங்க என்றார். அறுபதில் கேட்டது, எழுபதில் கேட்டது. மேசைக்கு அடியில் பாருங்க, உருண்டு கிருண்டு போயிருக்கும் என்று கெஞ்சினார். அந்தப் பெண் இந்தியாவில் ஏற்றிக் கேட்பதற்கு இப்படித்தான் சொல்வார்கள் போல என்று எண்ணிக்கொண்டு ஏற்றிக்கொண்டே போனார். தொண்ணூற்றைந்தாயிரத்தில் இத்தாலிக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். “ஐயா, உங்களுக்குத்தான் கிடைச்சது” என்றது குரல். “கிடைச்சிருச்சுங்களா! சாமி, நீங்க நல்லா இருக்கோணும்” என்று கருப்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். விலை மறுநாள் மெயிலில் வந்தது. இரண்டு ஜெர்மன் நிட்டிங் மெஷின் வாங்குகிற பணம். வேலாத்தாள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டார்.

கார்த்திகை கடைசியில் கடிகாரம் வந்தது. கட்டிப் பார்த்தார். இது பின்தங்கவில்லை. பொன் முள் ஊர் நேரத்தையும் நீல முள் அவர் நேரத்தையும் பிசகில்லாமல் காட்டின. ஆனால் கருப்புசாமி இருந்த இடத்தில்தான் இருந்தார். பொழுது எப்போதும் போல முப்பத்தொன்பது நிமிடம் கழித்தே அவருக்கு விடிந்தது. தனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்ல இத்தனை காசா என்று மனம் விட்டுப்போய், கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பும்போது அதைக் கழற்றி மஞ்சள் பைக்குள் போட்டார்.

“ஏனுங்க, இத்தனை காசைப் பைக்குள்ள போட்டுட்டு யாராச்சும் தெருவுல நடப்பாங்களா?” என்று வேலாத்தாள் அதை எடுத்து, வளையலுக்கு மேலே தன் கையில் கட்டிக்கொண்டார். நாலு மணிக்கு மழை பிடித்தது. தெருவே ஓட்டமாக ஓடியது. வேலாத்தாள் பழக்கத்தில் குடையை விரித்தார், ஆனால் மேலே ஒரு சொட்டு விழவில்லை. இவர்கள் இரண்டு பேரும் அடைமழைக்கு நடுவில் காய்ந்த சேலையும் காய்ந்த வேட்டியுமாக நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைத்தார்கள். நாலு முப்பத்தொன்பதுக்கு, வெயில் அடித்துக்கொண்டிருந்த தெருவில், இரண்டு பேர் மேலும் ஒன்றாகக் கொட்டியது. வேலாத்தாள் குடையை மடக்கிவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எதிர்வீட்டு மருதம்மாளுக்குத் தெரியவில்லை. கருப்புசாமி நடுத்தெருவில் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கடிகாரம் அவரை ஊருக்கு இழுத்துப்போவதில்லை, கட்டியவரை அவரிடம் கூட்டி வருகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆனால் ஒரு கடிகாரத்தைக் கல்யாணத்துக்கு வரும் எண்ணூறு பேர் எப்படிக் கட்டுவது? மகள்கள் இரண்டு பேரும் வாரம் முழுக்கப் பரிசோதனை செய்தார்கள். கவிப்பிரியா கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள, சித்ரகலா அவள் பட்டுச் சேலை முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தங்கை கையில் சுற்றிய பனியன் துணியின் ஓரத்தைப் பிடித்ததும் அவளோடு முப்பத்தொன்பது நிமிடம் பின்னால் போனாள். நெய்த துணியில் நூல்கள் தனித்தனி. பின்னல் துணியில் ஒரே நூல் வளையம் வளையமாக ஓடுகிறது, நேரமும் அதன் வழியே ஓடும்தானே என்றார் கருப்புசாமி, ஏதோ சாயம் ஒட்டுகிற விஷயம் போல. ஆனால் கம்பெனித் துணியில் ஒரு சிக்கல் இருந்தது. மெஷினில் தொண்ணூறு கோன், அதாவது நூல் சுற்றிய கூம்பு, ஒரே சமயத்தில் ஓடும், தொண்ணூறில் எது யாரிடம் போகும் என்று சொல்ல முடியாது. ஒரே கோன் போட்டு ஓட்டச் சொன்னார்.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக நிட்டிங் ஓட்டும் மொக்கைச்சாமி தலையில் கை வைத்தார். “மொதலாளி, ஒத்தக் கோனுல ஓட்டுனா இந்தப் பொங்கலுக்கு இல்ல, அடுத்த பொங்கலுக்குத்தான் துணி வரும்.”

“மகள் கல்யாணமுங்க” என்றார் கருப்புசாமி.

மொக்கைச்சாமி போய் முதல் கோனை மெஷினில் மாட்டினார். ஒரு கோன் தீரும் முன் அடுத்ததை முடிச்சுப் போட்டு, இரவும் பகலும் ஆள் மாற்றி முப்பத்திரண்டு நாள் ஓட்டினார். இரண்டு ஆர்டரைக் கருப்புசாமி கை நழுவ விட்டார், ஐரோப்பாவில் எந்தக் குழந்தையும் அதனால் பனியன் இல்லாமல் போய்விடவில்லை. நானூறு மீட்டர் துணி. மஞ்சளில் நனைத்து உலர்த்தினார்கள்.

தை மாதம் பதினெட்டாம் தேதி விடியற்காலை. கவிப்பிரியாவின் கையில் கடிகாரம், வாருக்குள் துணியின் ஒரு முனை. அங்கிருந்து மாப்பிள்ளை, சம்பந்தி, முன்வரிசை என்று மண்டபம் முழுக்கச் சுற்றி, மேளக்காரர்கள் இடுப்பில் ஒரு சுற்றுப் போட்டு, பந்திக் கூடம் வரைக்கும் போனது. கருப்புசாமியிடம் மட்டும் துணி இல்லை, அவருக்குத் தேவைப்படவில்லை. துணியைப் பிடிக்காதவர் வாசலில் வரவேற்க நின்ற குருசாமி ஒருவர்தான். அன்றைக்கு வெளியே என்ன மணி என்பதற்கு அவர்தான் சாட்சி. ஆறு பத்துக்கு உள்ளே பார்த்தால் மணை காலியாக இருந்தது. நேரம் போகுதுங்க, ஏனுங்க, நேரம் போகுதுங்க என்று கத்தினார். கொஞ்சம் பொறுங்க சித்தப்பா என்ற குரல் மட்டும் வந்தது. அவருக்குத் தொண்டை கட்டியது. ஜோசியர் ஆறிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம் குறித்திருந்ததால் குறை ஒன்றும் வரவில்லை.

வெளியே ஆறு நாற்பத்தொன்பது ஆனபோது உள்ளே எல்லோருக்கும் ஆறு பத்து. கையை நீட்டுங்க என்றார்கள். கருப்புசாமி பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பி, “ஆச்சுங்களா?” என்றார்.

“இன்னும் ஆகலீங்க” என்றார் வேலாத்தாள். “முன்னால பாருங்க.”

பார்த்தார். மணையில் மகள் இருந்தாள், அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை சரியான இடத்துக்குப் போனது. சொம்புத் தண்ணீர் அவர் விரல்களுக்கு நடுவில் சில்லென்று இறங்கி மகள் கை வழியே மாப்பிள்ளை கைக்குப் போனது. மேளம் கொட்டியது, தாலி ஏறியது. எண்ணூறு பேர் போட்ட அட்சதையோடு அவர் போட்டதும் சேர்ந்து விழுந்தது. ஒரு பிடியை நிறுத்தி வைத்திருந்து, திரும்பி, பின்னால் நின்ற சித்ரகலாவின் தலையில் போட்டார். ஐந்தரை வருடம் தாமதம். பரவாயில்லை அப்பா என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்புசாமி மண்டபமே கேட்கும்படி, “ஆச்சுங்க!” என்றார். அந்த ஊரில் யாரும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

துணியை விட்டதும் எல்லோரும் ஊர் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காப்பி ஆறியிருந்தது, மூலனூர்க்காரர்களுக்கு ஏழு மணி பஸ் போய்விட்டது. கருப்புசாமி வேன் பிடித்துக் கொடுத்தார். மகள் புறப்படும்போது கடிகாரத்தைக் கழற்றி அம்மாவின் கையில் கட்டிவிட்டுப் போனாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு கழற்றவில்லை. மற்ற பதினான்கு கடிகாரங்களும் வந்த வழியே ஏலத்துக்குப் போய், அந்தப் பணத்தில் இரண்டு மெஷின் வந்தது. இப்போதும் அனுப்பர்பாளையத்தில் மழை விட்டு ரோடு காய்ந்த பிறகு, ஒரு மொட்டை மாடியில் மட்டும் இரண்டு பேர் நனைந்துகொண்டிருப்பார்கள். எடுத்த துணியை மறுபடி கொடியில் போட வரும் மருதம்மாள், “அங்க மழை பலமுங்களா?” என்று கேட்பார்.

“நல்ல மழைங்க” என்பார் வேலாத்தாள்.