ஏழு போட்டுக்கு ஒரு நம்பர்

கற்பிட்டியில் செட் திருத்துகிற பொம்பிளை நான் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவேன். பிடிக்காதவர்கள் வேறு கடை பார்க்கலாம். வேறு கடை இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

செட் என்றால் மீன்பிடிப் போட்டுகளில் பூட்டுகிற ரேடியோ. கரையோடும் மற்றப் போட்டுகளோடும் கதைக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நம்பரில், அதாவது ஒரே அலைவரிசையில், நிற்க வேண்டும். எங்கள் இறங்குதுறையில் ஏழு போட்டு. ஏழுக்கும் பொதுவாக ஒரு நம்பர் உண்டு, அதில் ஈ காக்கை கூட நிற்பதில்லை. மீன் படுகிற இடம் மற்றவனுக்குத் தெரிந்துவிடுமாம். ஆகவே போட்டுக்குச் சொந்தக்காரரான ஒவ்வொரு சம்மாட்டியும் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, தனக்கும் பக்கத்துத் துறையில் போட்டு வைத்திருக்கிற தம்பிக்கோ மச்சானுக்கோ மட்டும் ஒரு கள்ள நம்பர் போட்டுக்கொண்டு போவார். ஏழு கள்ள நம்பரும் என் தலைக்குள் இருக்கின்றன. அது என்னை நம்பி ஒப்படைத்த அமானிதம். என்னைக் கட்டிய மாப்பிள்ளை நளீம் கேட்டும் நான் வாயைத் திறந்ததில்லை.

பாறூக் நானா இவர்களிலும் ஒரு படி மேல். செட் பழுதானால் மனைவி கமறியா ராத்தாவிடம் கொடுத்தனுப்புவார். பொம்பிளையின் கடைக்கு நேரே வந்தால் மீசை உதிர்ந்துவிடும்போல. போன மாதம், "பொது நம்பரையே அழிச்சிரட்டாம்" என்று சொல்லியனுப்பினார். ராத்தாவுக்கு முன்னாலேயே அவரை நன்றாக ஏசினேன். ஏசிவிட்டு அழித்துக் கொடுத்தேன். செட் அவருடையது, நான் என்ன செய்ய?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ராத்தா கடைக்கு ஓடி வந்தார்.

"நஸ்ஹா, எட்டு மணிக்கு வாற மனுசன் இன்னம் வரல்ல. போனும் வேல செய்யுதில்ல. அவர்ட தம்பி இண்டைக்குக் கடலுக்கே போகல்ல, முந்தல் ஊருக்கு ஒரு மையத்து அடக்கத்துக்குப் போயிட்டார்."

தம்பி கடலில் இல்லையென்றால் பாறூக் நானா கூப்பிட்டாலும் கேட்க ஒரு காது இல்லை. பொது நம்பரை அழித்தது இந்தக் கைதானே.

என் கடைக் கூரையில் உயரமான ஏரியல் நிற்கிறது. கடை செட்டை அவருடைய நம்பருக்குத் திருப்பினேன். இரைச்சலுக்குள் அவர் குரல் தம்பியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"பாறூக் நானா, நான் நஸ்ஹா. என்ன நடந்த?"

"எஞ்சின் நிண்டுட்டு. அடியில வெடிச்சுத் தண்ணி ஏறுது. மூணு பேரும் அள்ளி ஊத்துறம்."

"எங்க நிக்கிறீங்க?"

இரண்டு தரம் இருமினார். பிறகு, "கந்தக்குழிக்கு நேர" என்றார்.

குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்று காட்டுகிற செட்டின் முள்ளைப் பார்த்தேன். கந்தக்குழி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கிருந்து கதைத்தால் முள் மறுபக்கம் போய் முட்டும். இதுவோ படுத்த இடத்தை விட்டு எழும்பவில்லை. போட்டு தாழுகிற நேரத்திலும் மனுசன் மீன் படுகிற இடத்தை மறைக்கிறார்! எங்கள் ஆட்களுக்கு இது பொய்க் கணக்கில் சேராது. கடலில் எங்கே என்று கேட்டால் வாய் தன்பாட்டில் வேறு இடத்தைச் சொல்லும்.

"நானா, கந்தக்குழியில நிண்டா உங்கட சத்தத்துக்கு என்ட கடை ஓடு பறக்கும். மீனுக்குப் பயந்து மௌத்தாகப் போறீங்களா? ராத்தா பக்கத்தில நிண்டு அழுறா. இடத்தைச் சொல்லுங்க!"

பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல, "குதிரைமலைக்கு மேற்கால" என்றார். ஜீ.பீ.எஸ். காட்டிய இலக்கங்களையும் வாசித்தார்.

"உங்கட நம்பரை எல்லாருக்கும் குடுக்கப் போறன்."

"குடு புள்ள."

ராத்தா நேவிக்குப் போன் எடுத்தார்; அவர்கள் வந்து சேர நேரமெடுக்கும். நான் மற்ற ஆறு கள்ள நம்பருக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். தன் நம்பரில் என் குரல் கேட்டதும் நூஹு நானா, "ஆரு இது, இஞ்ச வந்து கதைக்கிற?" என்று சீறினார்.

"ஏச்சைப் பொறகு வச்சிக்கொள்ளுங்க. பாறூக் நானாட போட்டு தாழுது" என்று சொல்லி, நம்பரையும் இடத்தையும் கொடுத்தேன். ஆறு பேரில் ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை. இறக்கிய வலையை வெட்டிவிட்டு ஓடியவரும் உண்டு. ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத அந்த ஆறு பேரும் ஒரே நம்பரில், "நீ வடக்கால பாரு, நான் வெளிய போறன்" என்று கதைப்பதைக் கேட்டபடி நான் சும்மா இருந்தேன். என் வேலை முடிந்திருந்தது.

பன்னிரண்டரைக்கு நூஹு நானாவின் குரல் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். மூணு பேரும் என்ட போட்டுல. பாறூக்ட போட்டையும் இழுத்துக்கொண்டு வாறம்." ராத்தா என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் என் மூக்குக் கண்ணாடி வளைந்துபோனது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஏழு சம்மாட்டிமாரும் கடைக்குள் நின்றார்கள். இருந்த இரண்டு கதிரையிலும் ஒருவரும் இருக்கவில்லை.

"எங்கட எல்லார்ட நம்பரும் ஒனக்குத் தெரிஞ்சிரிக்கி. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லல்லயா?" என்று நூஹு நானா கேட்டார்.

"அமானிதம் விக்கிற கடை இல்ல இது."

பாறூக் நானா உப்புத் தண்ணீர் சொட்டுகிற செட்டைத் தானே சுமந்து வந்திருந்தார். மேசையில் வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். "பொது நம்பரைப் போட்டுத் தா, தங்கச்சி."

"கள்ள நம்பர்?"

"அதுவும் இரிக்கட்டும்" என்றார். ஏழு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மற்ற ஆறு பேரும் போட்டுக்குப் போய்த் தங்கள் செட்டையும் கழற்றிவந்து காட்டினார்கள், பொது நம்பர் சரியாக நிற்கிறதா என்று.

பாறூக் நானாவின் போட்டு திருந்திக் கடலில் இறங்கப் பத்து நாள் எடுத்தது. அன்றைக்கு சுபஹு தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தேன். ஏழு போட்டும் வெளியே போய் அரை மணி நேரம் இருக்கும். செட்டைப் பொது நம்பரில் வைத்து, "கடையிலயிருந்து நஸ்ஹா. ஆரெல்லாம் நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். செட்டில் அப்படி வந்தால் ஒரு குரலும் விளங்காது, வெறும் கரகரப்புத்தான் கேட்கும்.

"ஒராள் ஒராளாக் கதைங்க! செட் பிடிக்கத் தெரியாத கூட்டம்!" என்று ஏசினேன். ஏசினேன்தான், ஆனால் அந்தக் கரகரப்பு நன்றாகக் கேட்கட்டும் என்று செட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.