சர்ஜன் தேறுவதற்கு ஒரு பூசை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. பொது அறுவை மருத்துவர் பற்றாக்குறையை எப்படித் தீர்ப்பது என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். தலைப்பைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரி கொட்டாவி விட்டாள். அதனால்தான் கட்டுரையைக் கதையாக்க ஜோதிமேரியைக் கூட்டிவந்தேன்.

முதல் வரி: 'பாக் நீரிணை அன்று கொந்தளித்துக்...' வேண்டாம். கடல் அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

2

ஜோதிமேரிக்குத் தங்கச்சிமடம் பக்கம். புருஷன் கில்பர்ட்டுக்குக் குடலிறக்கம். வலை இழுத்தால் அடிவயிறு புடைத்துக்கொள்ளும். பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு (நான் கட்டியது, வரைபடத்தில் தேடாதீர்கள்) ஒருவழியாக மாரிச்செல்வம் என்ற சர்ஜன் வந்தார். தங்கமான பிள்ளை. ஓய்ந்த நேரமெல்லாம் மேற்படிப்புப் பரீட்சைக்குப் படித்தார். ஊர் சும்மா இருக்குமா? அவர் தேற வேண்டுமென்று மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். முன்னால் நின்றவள் ஜோதிமேரி.

தேறினார். மேலே படிக்கப் போய்விட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த கில்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினான்.

"பூச வச்சு அனுப்புனதே நீதான். இப்ப என்னத்துக்கு அழுகுற?" என்றான்.

(இவ்வளவு வெகுளியாக ஒருத்தி இருப்பாளா என்று இந்தப் பகுதியை அடித்தேன். பிறகு என் கட்டுரையைப் பார்த்தேன்: 'மேற்படிப்பு வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும்.' அடித்ததைத் திரும்ப எழுதினேன்.)

3

கட்டுரையின் இன்னொரு யோசனை: உள்ளூர்ப் பிள்ளைகளை நியமித்தால் நிலைப்பார்கள். சரி, சோதித்துவிடுவோம். கீழக்கரை சஃபா புது சர்ஜனாக வந்தாள். கில்பர்ட்டைப் பார்த்தாள்.

"சுகர் குறையட்டும்க்கா, அடுத்த மாசம் பண்ணிருவோம். அதுவரைக்கும் பளுவத் தூக்க விட்றாதீங்க. குடல் சிக்கிக்கிச்சுன்னா மதுரை போறவரைக்கும் தாங்காது."

"அடுத்த மாசம் நீங்க இங்கன இருப்பீங்கள்ல, டாக்டரம்மா?"

சஃபா சிரித்தாள். "நானும் மேல படிக்கப் பரீட்சை எழுதிருக்கேன். இந்த மாசக் கடைசில ரிசல்ட். உங்க மாதாகிட்ட எனக்கும் துஆ கேளுங்கக்கா."

4

முடிவு அ: சஃபா தோற்கிறாள், கில்பர்ட் பிழைக்கிறான். சீ! இதைச் சுபம் என்று எழுதக் கை கூசுகிறது.

முடிவு ஆ: ஒருவர் படிக்கப் போனால் வேலையைப் பார்க்க அரசு இன்னொரு சர்ஜனையும் போடுகிறது. ('நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பியனுப்பினார். கட்டுரையில் இதே யோசனையைப் பாராட்டியவர் அவர்தான்.)

5

ஜோதிமேரி கோயிலில் மண்டியிட்டிருக்கிறாள். மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டாள்.

"மாதாவே, நம்ம சஃபா டாக்டரு..."

அதற்கு மேல் அவளுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் கை ஓடவில்லை. மிச்ச ஜெபத்தை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், வெளியே கில்பர்ட், சொன்ன பேச்சைக் கேட்காமல், யாருடைய வலையையோ தூக்கக் குனிகிறான்.