மளிகைக்கு ஒரு வகுப்பு

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில், சம்பளத்தை உயர்த்தச் சொல்லி முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து நிர்வாகத்தின் பதில் வந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அது காரிலிருந்து இறங்கியது. புதிய நல அதிகாரி. சம்பளம் போதாமல் இல்லை, இவர்களுக்குச் செலவழிக்கத்தான் தெரியவில்லை என்பது மேலிடத்தின் கண்டுபிடிப்பு. அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் இவர்.

சாப்பாட்டுக்கு விடுவதே அரை மணி நேரம். அதில் இருபது நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டு சிக்கனத்தைப் பற்றிப் பேசினார். சுவரில் தொங்கிய திரையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரு பழக்கூடையைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்கள். படத்துக்குக் கீழே இருந்த மளிகைப் பட்டியலில் பழம் இல்லை.

"எழுதிக்குங்க. நாலு பேர் குடும்பம். சம்பளத்துல மூணுல ஒரு பங்கு மளிகைக்கு. அதுக்கு மேல போச்சுன்னா உங்களுக்குத் திட்டம் போடத் தெரியலைன்னு அர்த்தம். ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் கேளுங்க, இது தேவையா, ஆசையா? இப்போ ரெண்டாவது டீ இருக்கே, அது ஆசை."

சொல்லிவிட்டு மேசையில் இருந்த டீயை ஒரு வாய் குடித்துக்கொண்டார்.

இரண்டாம் வரிசையில் காஜா அக்கா உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடமாகச் சட்டைக்குக் காஜா எடுக்கிறவள். பொத்தான் துளை போடும் அந்த மெஷினோடு சேர்ந்தே பெயரும் ஒட்டிக்கொண்டது. புருஷன் லாரி ஓட்டுகிறவன். இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்திக்குப் பதினைந்து, இன்னொருத்திக்குப் பன்னிரண்டு. சோற்று டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"சார், வாரத்துக்கு ஆறு முட்டைன்னு போட்டிருக்கீங்க. நாலு பேர். எப்படிப் பிரிக்கறது?"

"அது ஒரு உதாரணம்மா."

"எண்ணெய் விலையும் உதாரணமா? இந்த விலைக்கு எங்க விக்குதுன்னு சொல்லுங்க, இப்பவே முந்நூறு பேரும் போய் வரிசையில நிக்கறோம்."

கூடம் சிரித்தது. அதிகாரியின் காது சிவந்தது. கோபத்தில் மனிதர் ஒரு தப்புச் செய்தார்.

"குறை சொல்றது சுலபம்மா. சனிக்கிழமை சம்பளம் வருதுல்ல? அந்த மூணுல ஒரு பங்கை என் கையில கொடுங்க. ஒரு மாச மளிகையை நான் வாங்கிக் காட்டறேன்."

"வாங்க சார்" என்றாள்.

அன்று மாலை விஷயம் கேள்விப்பட்ட புருஷன் தலையில் கை வைத்தான். "உனக்கு எதுக்கு இந்த வேலை? வாயைக் கொடுத்துட்டு வந்து நிக்கறே. வேலையை விட்டுத் தூக்கிட்டா?"

"தூக்கட்டும். எனக்குச் சமைக்கத் தெரியலைன்னு சொன்னாக்கூட பொறுத்துப்பேன். குடும்பம் நடத்தத் தெரியலையாம். கால் கிலோ பருப்பை எட்டு நாள் ஓட்டறவகிட்ட வந்து சொல்றான்."

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனிக்கு எதிரே இருந்த பெரிய கடைக்கு மூன்று பேர் போனார்கள். அதிகாரி, காஜா அக்கா, சாட்சிக்கு இஸ்திரிப் பிரிவு அண்ணன். தள்ளுவண்டியை அதிகாரிதான் தள்ளினார். அதன் ஒரு சக்கரம் இடப்பக்கமே இழுத்தது. அதையும் அவர் தொழிலாளர்களின் தவறு போலவே முறைத்தார்.

அரிசி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. எண்ணெய் வரிசையில் விலைச் சீட்டைப் பார்த்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விலை அப்படியே இருந்தது.

"வீட்டுல யாரு சார் வாங்குவாங்க?" என்று அண்ணன் அப்பாவியாகக் கேட்டார்.

"எங்க வீட்டுல… அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க."

பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். சோப்பும் உப்பும் தீப்பெட்டியும் அதில் இல்லை. அவற்றைக் காஜா அக்கா எடுத்துப் போட்டாள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தனக்குமாக மூன்று பாக்கெட் நாப்கினையும் போட்டாள்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இது… இது மளிகையில சேராதே."

அவள் தாழ்த்தவில்லை. "அப்போ எதுல சேரும் சார்? மாசாமாசம் வருதே. தேவையா, ஆசையா, நீங்களே சொல்லுங்க."

பக்கத்து வரிசையில் பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி வண்டியை வேகமாகத் தள்ளினார்.

கல்லாவில் இருந்த பெண் ஒவ்வொன்றாக அடித்தாள். பாதி வண்டி மிச்சம் இருக்கும்போதே தொகை தாண்டிவிட்டது. அதிகாரி பொருள்களை வெளியே எடுக்க ஆரம்பித்தார். முதலில் முட்டை. அப்புறம் பால் பவுடர். இரண்டு சோப்பில் ஒன்று. நாப்கினைத் தொடாமல் விரலால் காட்டி, "அதையும்" என்றார். கல்லாப் பெண் நிமிர்ந்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு ரத்து செய்தாள். பருப்பு இரண்டு கிலோ ஒன்றானது. பின்னால் வரிசை நீண்டது. "சீக்கிரம் சார், வீட்டுல கேட்டுட்டு வரக்கூடாதா?" என்று ஒருவன் குரல் கொடுத்தான்.

அவர் நெற்றியில் வேர்வை. எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்ற கை. ஒவ்வொரு மாதமும் இதே இடத்தில் தன் கையும் அப்படித்தான் நிற்கும் என்பது காஜா அக்காவுக்குத் தெரியும். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஐந்து நிமிடம் நின்றதற்கே இவ்வளவு வேர்க்கிறதே என்றுதான் தோன்றியது.

அவர் கை உப்புப் பாக்கெட்டுக்குப் போனபோது, "போதும் சார்" என்றாள். "உப்பாவது இருக்கட்டும். என் பணத்தைக் கொடுங்க."

கொடுத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லி அவர் கிளம்பிவிட்டார். ரத்தான பொருள்களோடு அந்தச் சீட்டை அடித்துத் தரும்படி அவள் கேட்டாள். முழ நீளத்துக்கு வந்தது. அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் குருணை அரிசியும் சின்னப் பாக்கெட் எண்ணெயுமாகத் தன் மளிகையை வாங்கினாள். நாப்கின் வாங்கினாள். முட்டை வாங்கவில்லை.

திங்கட்கிழமை திரையில் புதிய பட்டியல் வந்தது. எண்ணெய் விலை திருத்தப்பட்டிருந்தது, உப்பும் சோப்பும் சேர்ந்திருந்தன. மொத்தத் தொகை மட்டும் மாறவில்லை. எப்படி என்று பார்த்தால் அரிசியைக் குறைத்திருந்தார். படத்தில் இருந்த குடும்பம் அதே சிரிப்பைச் சிரித்தது. விலை ஏறினால் வயிற்றைச் சுருக்கிவிடலாம் என்று ஒரு படித்த மனிதர் இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய் மர நிழலில் சாப்பிட்டார்கள். அவர் காலி நாற்காலிகளுக்குக் கொஞ்ச நேரம் பாடம் நடத்தினார்.

அடுத்த வாரம் சம்பளப் பேச்சு. மேலாளர் அந்தப் பட்டியலை எடுத்து நீட்டி, "நிபுணர் போட்ட கணக்கு" என்று ஆரம்பித்தார். தொழிலாளர் பக்கம் உட்கார்ந்திருந்த காஜா அக்கா கடைச் சீட்டை மேசைமேல் விரித்தாள்.

"இதுவும் அவர் போட்டதுதான் சார். எங்க பணத்துல, அவர் கையால. எதெல்லாம் வேண்டாம்னு எடுத்தாருன்னு சத்தமா படிங்க."

மேலாளர் மனதுக்குள் படித்தார். நாலாவது வரியில் நிறுத்தி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கழுத்தில் இருந்த அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டார்.

கேட்டதில் பாதிதான் உயர்ந்தது. அதற்கும் மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். மளிகை வகுப்பு மட்டும் மறுநாளே நின்றது. அதிகாரியை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள், சம்பள உயர்வோடு. அவர் உயர்வுக்கு யாரும் பட்டியல் கேட்கவில்லை.

போகும் நாளில் காஜா மெஷின் பக்கம் வந்து நின்றார். "உங்ககிட்ட நிறைய கத்துக்கிட்டேன்மா. அங்க போய் இன்னும் நல்லா நடத்துவேன்" என்றார்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "அங்க வகுப்பைச் சாப்பாட்டு நேரத்துல மட்டும் வைக்காதீங்க சார்" என்றாள். "பசிக்கும்."