அப்பா குறைத்த இரண்டு வயது

இன்றோடு எனக்கு அறுபது வயது முடிகிறது. காகிதத்தில் மட்டும் ஐம்பத்தெட்டு. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா இரண்டு வருடத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார். "கடைசில ரெண்டு வருஷம் கூட வேலை பார்ப்பான், நாலு காசு சேரும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அவர் கண்ட கனவு, காற்றாடிக்குக் கீழே ஒரு நாற்காலி. எனக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். முப்பத்தைந்து வருடமாக ஈரப் போர்வைகளை இழுத்துப் போட்டு, வலது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. தலை சீவக்கூட இடது கைதான்.

இன்னும் இரண்டே வருடம், அப்புறம் பென்ஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை சம்பளப் பிரிவில் கூப்பிட்டார்கள்.

"சட்டத்த மாத்திட்டாங்கண்ணே," என்றாள் அங்கிருந்த பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அறுபது முடிஞ்சவங்களுக்குப் பழைய மாதிரியே பென்ஷன். மத்தவங்களுக்கு இனிமே அறுபத்தஞ்சுலதான். அதுவரைக்கும் சம்பளத்துல பிடித்தமும் பத்துலருந்து பன்னெண்டு சதவீதம்."

"எனக்கு இன்னையோட அறுபதும்மா."

"ஃபைல்ல ஐம்பத்தெட்டுன்னு இருக்கே?"

"அது எங்கப்பா சொன்ன பொய்."

"இத்தன வருஷமா அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

சலவைக்கூடத்துக்குத் திரும்பினேன். இயந்திரம் சுற்றி முடித்து, போர்வைகளோடு எனக்காகக் காத்திருந்தது.

அட, சாமர்த்தியசாலி அப்பனே! நீ ஆசைப்பட்டது இரண்டு வருடம்தான். அரசாங்கம் தாராள மனசோடு ஏழாகக் கொடுத்துவிட்டது.