லாம்ப்ரோஸின் பெயர் எந்தத் தாளில்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஊர்த்தலைவர் ஃபோதிஸ். எங்கள் எல்லையோர மலைக்கிராமமான பேத்ரோநேரியின் புவியியலும் வரலாறும் இரண்டு பக்கத்தில் வேண்டுமாம், திருவிழா மலருக்கு. இங்கே பேனா பிடிப்பவன் நான் ஒருவன்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

‘கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டர் உயரத்தில்...’ வேண்டாம். மூச்சு வாங்க ஏறுபவன் மீட்டரை எண்ணுவதில்லை.

‘வடக்கே அல்பேனியா, தெற்கே...’ தெற்கே இருப்பதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதே இல்லை.

‘முப்பத்தொரு புகைக்கூண்டுகள். புகை வருவது பதினொன்றில்.’ இது இருக்கட்டும்.

2

வரலாறு என்றால் எனக்குப் பக்கத்து வீட்டு எவாந்தியாதான். 1944இல் அவளுக்குப் பதினான்கு வயது. அண்ணன் லாம்ப்ரோஸ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு குளிர்கால மேய்ச்சலுக்கு மலையைத் தாண்டி அல்பேனியப் பக்கம் போனான். அவன் திரும்புமுன் எல்லையை மூடிவிட்டார்கள். மூடியது நாற்பத்தாறு வருடம் திறக்கவில்லை.

இறந்தவர்களை நினைக்கும் ஆன்மாக்களின் சனிக்கிழமையன்று, கோயிலில் வாசித்து ஜெபிக்க, வீட்டுக்கு வீடு பாதிரியாரிடம் இரண்டு தாள் கொடுப்போம். ஒன்றில் இருப்பவர்களின் பெயர், மற்றதில் போனவர்களின் பெயர். எவாந்தியா அண்ணனை முன்பெல்லாம் முதல் தாளில்தான் எழுதுவாள். ஒருமுறை, அவன் சிறையில் செத்தான் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டாவதில் எழுதிவிட்டாள். பாதிரியார் அர்செனியோஸ் வாசித்ததும் கோயில் நடுவே கத்தினாள்.

“நிறுத்துங்க சாமி! அவன் சாகல! என் கை தப்பா எழுதிடுச்சு!”

“படிச்சத இப்ப எப்படிம்மா திருப்பி முழுங்குறது?”

அன்றிலிருந்து அவர் முதல் தாளை முடித்து, இரண்டாவதைப் பிரிக்குமுன், ‘லாம்ப்ரோஸ்’ என்று தனியாக ஒருமுறை சொல்வார். எந்தத் தாளிலும் அந்தப் பெயர் இருக்காது.

[குறிப்பு: இதற்குச் சபையில் அனுமதி உண்டா என்று கேட்காதீர்கள். பிஷப்புக்கு முழங்கால் வலி, இவ்வளவு தூரம் ஏற மாட்டார்.]

3

இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா என்பது எனக்குச் சந்தேகம். எல்லை திறந்து ஒரு வருடமாகிறது. அண்ணன் போன ஊர் அரைநாள் நடை. ஏன் போகவில்லை?

போன மாதம் நானே அவளைக் கதையில் அனுப்பிப் பார்த்தேன். [முடிவு அ: பல் போன கிழவன் ஒருவன் கதவைத் திறந்து... முடிவு ஆ: புல் மூடிய கல்லின் மேல்...] இரண்டையும் அடித்துவிட்டு அவளையே கேட்டேன்.

“போனா ஏதாவது ஒரு தாள்ல எழுதியாகணுமேடா மீல்தோ.”

4

முதல் பகுதியில் சொன்னது பாதிப் பொய். மலர் திருவிழாவுக்குத்தான், அதற்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. நான் உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இன்று மாலை, எல்லைக்கு அந்தப் பக்கம் லாம்ப்ரோஸ் போன ஊரிலிருந்து வேலை தேடி வந்த ஒருவன் எவாந்தியாவிடம் ஓர் உறையைக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் கொண்டுவந்தாள்.

“நாளைக்குச் சனிக்கிழமை. நீயே பிரிச்சுப் படி. எந்தத் தாள்னு மட்டும் சொல்லு.”

“வரலாறு எழுதிட்டிருக்கேன்க்கா.”

“அதத்தானேடா நானும் கேக்குறேன்!”

அவள் போன பிறகு உறையைப் பிரிக்கப் பயந்துதான் இந்தக் கதையைத் தொடங்கினேன். எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம்.

5

காலையில் இரண்டு தாள்களோடு வந்துவிட்டாள். உறை ஒட்டியபடியே கிடந்தது. வெட்கத்தோடு எடுத்தேன். அப்போதுதான் பின்புறத்தில் அனுப்பியவரின் பெயரைக் கண்டேன். சத்தமாகப் படித்தேன்.

“எவாந்தியா, லாம்ப்ரோஸின் மகள்.”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எம் பேரையா வெச்சிருக்கான்? அந்தக் கழுத எம் பேரையா வெச்சிருக்கான்?”

என் பேனாவைப் பிடுங்கி, இருப்பவர்களின் தாளில் தன் பெயரை இரண்டாம் முறை எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. கோயில் மணி அடித்தது.

“கடுதாசிய என்னக்கா பண்றது?”

“வந்து பாத்துக்கலாம். இன்னிக்கு ஒருநாள் சாமி அவன நடுவுலயே வெச்சுப் படிக்கட்டும்.”

சட்டையை மாட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். அவள் வாசலில் அவசரப்படுத்துகிறாள். உறை மேசைமேல் உங்களிடம்தான் இருக்கிறது. பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் பாடு. ஆனால் நாங்கள் கோயிலிலிருந்து திரும்பும்வரை கொஞ்சம் பொறுங்கள்.